கமலாக்ஷியை எழுப்ப யாருக்கு அதிகாரம்?

சும்மா உட்கார்ந்திருப்பதற்கு ஒரு பள்ளிக்கூடம் வைத்து, அதற்குப் பரீட்சை வைத்து, அந்தப் பரீட்சையிலும் ஆட்களைத் தோற்கடித்த இடத்தை நான் கொச்சி மட்டாஞ்சேரியில்தான் பார்த்தேன். மஹாசூன்ய தியான வித்யாபீடம் என்று பெயர். பஜார் ரோட்டில் காயலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் பழைய சுக்குக் கிடங்கு அது. மூட்டைகளை வெளியேற்றி, சுவருக்கு வெள்ளையடித்து, வாசலில் பெரிதாக ஒரு வட்டம் வரைந்தார்கள். வட்டத்துக்குள்ளே ஒன்றும் கிடையாது. அதுதான் விஷயம் என்றார்கள். விஷயம் எதுவானாலும் சுக்கு வாசனை மட்டும் போகவில்லை. சூன்யத்துக்குப் போகிறவர்கள் எல்லாரும் தும்மிக்கொண்டே போனார்கள்.

நான் கல்யாணச் சமையல்காரன். பெயர் பிச்சுமணி. நாலாம் கிளாஸுக்கு மேல் பள்ளிக்கூடம் என்னை வைத்துக்கொள்ளவில்லை. படித்தவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு, நம்பிக்கை கிடையாது. என் பெண்டாட்டி கமலாக்ஷிக்கு இரண்டும் உண்டு. பக்கத்து வீட்டுத் திரிபுரசுந்தரி வந்து "மாமி, வெறுமே உக்காந்தா போறும், கால்வலிகூட மறந்து போறது, கேட்டேளா" என்று ஒரு வார்த்தை சொன்னாள். இவள் கிளம்பிவிட்டாள்.

அங்கே தியானத்துக்கு நிலைகள் உண்டு. ஒவ்வொரு நிலைக்கும் ஓர் இடம். கீழ்த்தளத்தில் முதல் நிலை. அங்கே யோசிக்கலாம். இரண்டாம் நிலைக்குப் போனால் யோசனை நிற்க வேண்டும், சந்தோஷம் வர வேண்டும். மூன்றில் சந்தோஷம் போய்விட வேண்டும், சுகம் மட்டும் இருக்கலாம். நாலில் அதுவும் கூடாது. அதற்கு மேல் போனால் உருவமே கிடையாது என்பதால் ஃபேனும் கிடையாது. ஓட்டுக்குக் கீழே மச்சில் உட்கார வேண்டும். ஐந்தில் ஆகாசம், ஆறில் அறிவு, ஏழில் ஒன்றுமில்லை, எட்டில் ஒன்றுமில்லை என்பதும் இல்லை. சுபாஷிணி என்கிற பெண்தான் இதையெல்லாம் எனக்கு விளக்கினாள். அங்கே கோ-ஆர்டினேட்டர். நல்ல பெண். கையில் ஒரு டாப்லெட்டை வைத்துத் தடவிக்கொண்டே இருப்பாள்.

திரிபுரசுந்தரி மூன்றில் தோற்றாள். "மூணாம் நெலேல என்ன இருந்தது?" என்று கேட்டிருக்கிறார்கள். இவள் கண் கலங்கி, "ரொம்ப சந்தோஷமா இருந்தது" என்று சொல்லிவிட்டாள். சந்தோஷம் இரண்டோடு முடிந்துபோன பாடமாம். மறுபடி இரண்டுக்கு இறக்கிவிட்டார்கள். தெரு முழுக்க அழுதுகொண்டே வந்தாள்.

எட்டாம் நிலைப் பரீட்சையில் ஒரு ரிட்டயர்டு பாங்க் மேனேஜரைக் கேட்டார்களாம், அங்கே ஏதாவது இருந்ததா இல்லையா என்று. "அது... பாத்துதான் சொல்லணும்" என்றாராம். விசேஷத் தேர்ச்சி கொடுத்து மாலை போட்டார்கள்.

கமலாக்ஷி எந்த நிலையிலும் தோற்கவில்லை. காரணம், அவள் பேச மாட்டாள். யார் என்ன கேட்டாலும் லேசாகச் சிரிப்பாள். என்னோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியதில் வந்த பழக்கம். அவர்கள் அதை ஞானம் என்று எடுத்துக்கொண்டு மச்சுக்கு ஏற்றிவிட்டார்கள்.

நான் தினமும் கூடப் போவேன். கீழே வெளியாட்களுக்கு ஒரு பெஞ்சு உண்டு, அதில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரைப் பார்ப்பேன். எனக்கு அந்த இடத்தில் பிடிக்காதது இரண்டு. ஒன்று, காலையில் யாரும் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வரக்கூடாது. வயிறு காலியானால்தான் மனசு காலியாகுமாம். இரண்டு, மாடிப்படிக்குக் கீழே ஓர் அலமாரி. அதற்குப் பற்று அலமாரி என்று பெயர். பை, பர்ஸ், தண்ணீர் பாட்டில், மாத்திரை, மிட்டாய் எல்லாவற்றையும் அதில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் மேலே போகலாம்.

"அவளுக்கு ஷுகர் உண்டு, கொழந்தே. பையில கல்கண்டு வெச்சிருக்கா. அதை மட்டும் கையில வெச்சிண்டு போகட்டுமே" என்று முதல் நாளே சுபாஷிணியிடம் கேட்டேன்.

"மாமா, கல்கண்டும் ஒரு பற்றுதானே?"

"அப்ப உன் கையில இருக்கற அந்தப் பலகை?"

"இது சிஸ்டம், மாமா."

அந்த வித்யாபீடத்தின் தலைவர் சங்கர்ராம். பெயருக்கு முன்னால் டாக்டர், பின்னால் ஜி. வெள்ளை ஜிப்பா, வெள்ளை வேட்டி, வெள்ளைக் கார். ஒன்பதாம் நிலைக்குப் போனவர் என்று சொல்லிக்கொண்டார்கள். எட்டுக்கு மேல் ஒன்று உண்டாம், நிரோதம் என்று பெயர். அதில் பேச்சு நிற்கும், நினைப்பு நிற்கும், கூப்பிட்டால் கேட்காது. கொச்சியில் அவரைத் தவிர வேறு யாரும் அதை எட்டவில்லை. அவர் எட்டியதையும் யாரும் பார்த்ததில்லை.

ஒரு நாள் வெளியூரிலிருந்து தர நிர்ணயக் குழு வந்தது. கோட்டு போட்ட மூன்று பேர். ஒரு சாதகராவது அவர்கள் கண் முன்னால் ஒன்பதாம் நிலையை எட்டிவிட்டால் வித்யாபீடத்துக்கு அங்கீகாரம் கிடைக்கும், வைப்பினிலும் களமசேரியிலும் கிளை திறக்கலாம் என்று பேச்சு. அன்றைக்குக் குடும்பத்தாரையும் மச்சுக்கு விட்டார்கள். ஒரு கயிறு கட்டி, கயிற்றுக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு எங்களை உட்கார வைத்தார்கள். அந்தப் பக்கம் சாதகர்கள் தலைக்குத் தலை வெள்ளைத் துண்டோடு உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் கமலாக்ஷி.

காலையில் வழக்கமாகப் போடுகிற ஷுகர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அதற்கு மேல் தின்ன வேண்டிய இட்லியை, அங்கத்து விதிப்படி, தின்றிருக்கவில்லை. குழு வருவதற்குத் தாமதமாயிற்று; மற்ற நாளில் அதற்குள் வீடு திரும்பிச் சாப்பிட்டிருப்பாள். வந்தவர்களுக்குக் கீழே டிபன் கொடுத்தார்கள். நெய் ரோஸ்ட் வாசனை மச்சு வரைக்கும் வந்தது. அதற்குப் பிறகு சங்கர்ராம்ஜி வரவேற்புரை தொடங்கினார்.

"பூர்ணம் என்பது ஒரு பழக்கம். சூன்யமே நம் ப்ராடக்ட்... மன்னிக்கணும், சூன்யமே நம் இயல்பு. உலகத்தில் வேறெந்த நிறுவனமும் ஒன்றுமில்லாததை இவ்வளவு கட்டுக்கோப்போடு வழங்கவில்லை. எங்கள் சாதகர்களிடம் நாங்கள் எதையும் கொடுப்பதில்லை. அதை நான் பெருமையோடு சொல்லுவேன். வரும்போது அவர்களிடம் ஏதோ இருந்தது. போகும்போது இருக்காது. அதற்கு நான் பொறுப்பு."

குழுக்காரர்கள் கை தட்டினார்கள். எனக்குக் கமலாக்ஷியின் மேல்தான் கண். அவள் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. மற்றவர்களுக்கும் வேர்த்திருந்தது, ஓட்டுச் சூடு அப்படி. ஆனால் இவள் உதடு வெளுத்திருந்தது. கை விரல்கள் மடியில் நடுங்கின. பிறகு தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து தூணில் முட்டி நின்றது.

ஷுகர்க்காரி இருக்கிற எந்த வீட்டிலும் இதைப் பார்த்திருப்பார்கள். இதற்குப் படிப்பு வேண்டாம். நான் எழுந்தேன்.

"கமலாக்ஷி! ஏய், கமலம்!"

பதில் இல்லை. மச்சு முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. கண்மூடி இருந்தவர்களும் பார்த்தார்கள். சங்கர்ராம்ஜி மட்டும் அவளைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததை நான் என் கண்ணால் கண்டேன்.

"கேட்டீர்களா?" என்றார் குழுவிடம், குரலைத் தாழ்த்தி. "கணவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். ஓர் இந்தியப் பெண்மணிக்கு இதைவிடப் பெரிய தடை உண்டா? கேட்கவில்லை. நிரோதம்! நம் கண்ணெதிரே நிரோதம்!"

குழுக்காரர் மூவரும் எழுந்து நின்றார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றினார். போட்டோ எடுக்கிறவன் பாய்ந்து வந்தான்.

"ஓய், அது ஷுகர் இறங்கினதாக்கும்! கொஞ்சம் சக்கரை கொடுங்கோ!" என்று கத்தினேன்.

சுபாஷிணி ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். "மாமா, ப்ளீஸ், டச் பண்ணப் படாது. ஒம்பதாம் நெலேல இருக்கறவாளை எழுப்பறதுக்கு ஒரு ப்ரொசீஜர் உண்டு. அதே நெலேல இருக்கறவாளோ, அதுக்கும் மேல இருக்கறவாளோதான் எழுப்பலாம்."

"நான் அவ புருஷன்."

"நீங்க எந்த நெலேல, மாமா?"

"பெஞ்சுல!"

"அப்ப உங்களுக்கு அதிகாரம் இல்லையே, மாமா." பாவம், விதியை அவள் எழுதவில்லை.

"ஷெரி. ஒம்பதாம் நெலேல யாருண்டு இங்கே?"

எல்லாரும் சங்கர்ராம்ஜியைப் பார்த்தார்கள்.

"எழுப்பும் ஓய்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். குழுவையும் பார்த்தார். அவர் போய்க் கூப்பிட்டு அவள் எழுந்திருக்காவிட்டால் அவர் ஒன்பது இல்லை என்றாகிவிடும். எழுந்துவிட்டால் அவள் ஒன்பது இல்லை என்றாகிவிடும். இரண்டுக்கும் நடுவில் மனிதர் ஒரு கணம் உண்மையாகவே தியானத்தில் நின்றார்.

"ஐயா" என்றார் கடைசியில், மைக்கில். "நான் செயலைக் கடந்தவன். எழுப்புவது என்பது ஒரு செயல். எழுப்புகிறவன் என்று ஒருவனும் எழுப்பப்படுகிறவள் என்று ஒருத்தியும் இருந்தால்தானே அது நடக்கும்? கமலாக்ஷி என்று ஒருவர் அங்கே இருக்கிறார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அதுதான் உங்கள் துக்கத்துக்குக் காரணம். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. எனவே எங்களுக்குக் கவலை இல்லை."

"கமலாக்ஷி இல்லேன்னா, அங்க வேர்க்கறது யாருக்கு?"

"வேர்வை வேர்க்கிறது" என்றார்.

குழுவில் ஒருவர் அதை எழுதிக்கொண்டார்.

நான் கயிற்றைத் தாண்டினேன். இரண்டு தொண்டர்கள் என்னைத் தோளில் பிடித்தார்கள். வயசு ஆனாலும் அண்டா தூக்கிய உடம்பு. ஒருத்தனைத் தள்ளினேன், அவன் ஏழாம் நிலைக்காரர்கள் மேல் போய் விழுந்தான். இன்னொருத்தன் விடவில்லை. கமலாக்ஷி வாயைத் திறந்து ஏதோ முனகினாள். கண் பாதி திறந்திருந்தது, ஆனால் என்னைத் தெரியவில்லை. கீழே பற்று அலமாரியில் அவள் பை. பையில் கல்கண்டு. சாவி யாரிடமோ.

"அந்த அலமாரிச் சாவி எங்கே?"

"பொறுப்பாளர் நாலாம் நெலேல இருக்கார், மாமா" என்று சுபாஷிணி அழ ஆரம்பித்தாள். "எழுப்பணும்னா..."

நான் சாதகர்கள் பக்கம் திரும்பினேன். தொண்டை கிழியக் கத்தினேன்.

"உங்கள்ள ஷுகர் இல்லாதவா யாருண்டு இங்கே? கொச்சியில அப்படியொரு ஜீவன் உண்டா? எவனாவது, எவளாவது, மடியில ஒரு மிட்டாய் ஒளிச்சு வெச்சிருந்தா எடுங்கோ! என் ஆத்துக்காரி செத்துண்டிருக்கா!"

ஒரு கணம் ஓட்டில் காக்காய் நடக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

முதலில் அசைந்தது பாங்க் மேனேஜர். கண்ணைத் திறக்காமலே கையை வேட்டி மடிப்பில் விட்டு இரண்டு பேரீச்சம்பழம் எடுத்தார். அப்புறம் ஆறாம் நிலையிலிருந்து கடலைமிட்டாய் வந்தது. புடவைத் தலைப்பு முடிச்சிலிருந்து சக்கரைப் பொட்டலம், ஜாக்கெட்டிலிருந்து சாக்லேட், ஒரு மாமியின் தியான மெத்தைக்கு அடியிலிருந்து பாதி தின்ற நேந்திரங்காய் சர்க்கரை வரட்டி. மச்சு முழுவதும் காகிதம் பிரியும் சத்தம். எட்டாம் நிலையில் ஒரு கிழவர் குளுகோஸ் பாக்கெட்டே வைத்திருந்தார். "நான் வீட்டுலேர்ந்து காப்பி குடிச்சிட்டுதான் தினமும் வருவேன். பிராணன் போகவா வந்தேன்?" என்றார், யாரும் கேட்காமலே.

அத்தனை பேரிலும் சொன்னபடி பையைப் பூட்டிவிட்டு, சொன்னபடி பட்டினியாக வந்தவள் இவள் ஒருத்திதான்.

என்னைப் பிடித்திருந்தவன் கையை விட்டுவிட்டான். அவன் பையிலேயும் ஒரு மிட்டாய் இருந்தது, அதை எடுத்துக் கொடுத்தான். நான் கமலாக்ஷியை மடியில் சாய்த்துக்கொண்டு, குளுகோஸை விரலில் ஈரமாக்கி அவள் கன்னத்துக்கு உள்ளே தேய்த்தேன். கொஞ்சம் கொஞ்சமாக நக்கினாள். விழுங்கினாள். மறுபடி தேய்த்தேன்.

"படம் எடுக்க வேண்டாம்!" என்று சங்கர்ராம்ஜி பின்னால் கத்தினார். "நிரோதத்திலிருந்து எழுவதற்கு இனிப்பு ஒரு மரபு. இதுவும் எங்கள் பாடத்திட்டத்தில்..."

கேட்க ஆளில்லை. குழுக்காரர்களும் சாதகர்களோடு சேர்ந்து தள்ளுமுள்ளில் நின்றார்கள். சுபாஷிணி டாப்லெட்டைத் தரையில் போட்டுவிட்டு கமலாக்ஷியின் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் ஆட்டோக்கார அல்தாஃப். வழியெல்லாம் ஹாரனை அழுத்தியபடியே வந்தான். "சாமி, மாமியெப் பேசவெச்சிட்டே வாங்க! தூங்க விடாதீங்க! ஏன் சாமி, காசு கொடுத்து பட்டினி கெடக்கறதுக்கு ஒரு எடமா? எங்க உம்மா நோம்பு வெச்சாக்கூட ஷுகரு கொறஞ்சா ஒடனே தொறந்துடும், தெரியுமா?"

டாக்டரம்மா குளுகோஸ் ஏற்றினாள். இன்னும் கொஞ்ச நேரம் தாமதித்திருந்தால் தான் எதுவும் செய்திருக்க முடியாது என்றாள். அதைக் கமலாக்ஷிக்குச் சொல்லாமல் என்னிடம் வெளியே வந்து சொன்னாள்.

சாயங்காலம் கமலாக்ஷி தெளிந்து கஞ்சி குடித்தாள். நான் வித்யாபீடத்தை வாயில் வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன். தியானமாம், சூன்யமாம், எல்லாம் தட்டிப்பு, சுத்த ஏமாத்து என்றேன்.

"மதி, போறும், நிறுத்துங்கோ" என்றாள்.

நிறுத்தினேன்.

"அவா தட்டிப்புதான். ஆனா அது தட்டிப்பு இல்லை."

"எது?"

"அந்த ஒண்ணுமில்லாதது. பயமா இருக்கும்னு நெனச்சேன். இல்லை. கல்யாணச் சமையல் முடிஞ்சு, எல்லாரும் சாப்பிட்டுப் போய், பாத்திரமெல்லாம் கழுவிக் கவுத்து, தரையத் தொடச்சு விட்டா அடுக்களை எப்படி இருக்கும்? அப்படி. யாரும் கூப்பிட மாட்டா. எனக்கும் யாரையும் கூப்பிடத் தோணாது." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினாள். "இன்னிக்கு வந்தது அது இல்லை. இன்னிக்குக் கண்ணு இருட்டிண்டு வந்தது. ரெண்டும் வேற வேற. எனக்குத் தெரிஞ்சது. அவாளுக்குத் தெரியலை பாருங்கோ, அதுதான் எனக்குக் கோபம்."

இத்தனை வருஷத்தில் அவள் சேர்ந்தாற்போல இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக் கழுவப் போனேன்.

அவள் நடமாட ஆரம்பித்ததும் ஒரு நாள் திரிபுரசுந்தரி ஓடி வந்தாள். "மாமி, ஒங்க படத்தை மச்சுல மாட்டியிருக்கா! பெரிசா! நிரோதம் அடைஞ்சவர்னு எழுதி, மல்லிப்பூ மாலையெல்லாம் போட்டு, ஊதுபத்தி கொளுத்தி..." சொல்லும்போதே அவளுக்கு உறைத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் மேல்துண்டை எடுத்தேன். "நீங்க இருங்கோ" என்றாள் கமலாக்ஷி. நான் இருக்கவில்லை, பின்னாலேயே போனேன்.

போவதற்கு முன்னால் உட்கார்ந்து நாலு இட்லி தின்றாள். மிளகாய்ப்பொடி தொட்டுக்கொண்டு, அவசரமில்லாமல். வித்யாபீடத்து வாசலில் பையைக் கேட்டார்கள். கொடுக்கவில்லை. மாடி ஏறினாள், முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக.

மச்சில் புது வகுப்பு நடந்துகொண்டிருந்தது. சங்கர்ராம்ஜி அவளைப் பார்த்ததும் கைகூப்பினார். "வாருங்கள் அம்மா, வாருங்கள்! இதோ, இவர்தான் அவர்! நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். உங்கள் மௌனமே எங்களுக்கு விளக்கம். இந்தப் படத்துக்குப் பக்கத்தில் சற்று உட்கார்ந்தால் போதும்..."

கமலாக்ஷி படத்தைப் பார்த்தாள். தலை சாய்ந்து, வாய் பிளந்து, உதடு வெளுத்து, தூணில் முட்டிக்கொண்டு கிடக்கிற படம். போட்டோக்காரன் அந்த நேரத்தில் எடுத்தது.

"உயிரோட இருக்கறவ படத்துக்கு மாலை போடற வழக்கம் ஒங்காத்துல உண்டோ?" என்று கேட்டாள்.

"அம்மா, அது நீங்கள் அல்ல. அது ஒரு நிலை..."

"நிலைக்கு மூக்குத்தி எதுக்கு?"

கையை நீட்டி மாலையை எடுத்தாள். அந்த மச்சில் அவளைத் தடுக்க யாருக்கும் தோன்றவில்லை. நாரைப் பல்லால் கடித்து அறுத்து, ஒரு முழம் தன் தலையில் வைத்துக்கொண்டாள். மிச்சத்தை சுபாஷிணிக்கும் முன்வரிசைப் பெண்களுக்கும் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்தாள். "பூவை வாட விடாதீங்கோ. காலம்பற சாப்பிட்டுட்டு வாங்கோ. பையக் கொடுக்காதீங்கோ." அப்புறம் படத்தை ஆணியிலிருந்து கழற்றி என் கையில் கொடுத்தாள். "ஃப்ரேம் நன்னாயிருக்கு. நாம வெச்சுக்கலாம்."

சங்கர்ராம்ஜி வகுப்பைக் கண் மூடச் சொன்னார்.

இப்போது அவள் வீட்டில்தான் உட்காருகிறாள். டிபன் சாப்பிட்டு, அடுக்களையைத் துடைத்துவிட்டு, அங்கேயே ஒரு மணை போட்டு. நான் அந்தப் பக்கம் போவதில்லை. எந்த நிலை என்று நான் கேட்டதும் இல்லை. அவள் சொன்னதும் இல்லை.

வித்யாபீடம் மூடிவிடவில்லை. அப்படிப்பட்ட இடங்கள் எங்கே மூடும்? படம் இருந்த சுவரில் அந்த வெறும் ஆணியைச் சுற்றி இப்போது ஒரு வட்டம் வரைந்திருக்கிறார்கள். அதுதான் பரம சூன்யமாம். வெளியூரிலிருந்தெல்லாம் வந்து அதன் முன்னால் உட்கார்ந்து கண்மூடுகிறார்கள். களமசேரிக் கிளைக்கும் அதே மாதிரி ஓர் ஆணி வாங்கியிருப்பதாகக் கேள்வி.

காய்கறி வாங்கப் போகிற வழிதானே என்று நான் தினமும் மாடி ஏறி, நனைந்த என் குடையை அந்த ஆணியில் மாட்டுகிறேன். எடுக்கச் சொல்ல வேண்டுமானால் அங்கே ஏதோ இருக்கிறது என்று அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மழை விட்டுப் பல நாளாயிற்று. நான் குழாயடியில் நனைத்துக்கொண்டு போகிறேன்.